பதின்மூன்றாவது மாதம்

இருபத்தெட்டு நாள் ஒரு மாதம் என்று
எந்த ராஜா சட்டம் போட்டானோ தெரியாது.
கடலூர் ஓ.டி.யில், ரயிலடிக்குத் திரும்பும் முனையில்
நான் விற்பது அந்த மாதத்தைத்தான்.
வருஷத்துக்குப் பதின்மூன்று.

கண்டுபிடித்தவள் அருள்செல்வி, கணக்கு டீச்சர்.
கல்யாணமான புதிதில் கடைக்கு வந்தவள்
சுவரிலிருந்த கட்டண அட்டையை நின்று படித்துவிட்டு
"வகுத்துப் பார்த்தீங்களா?" என்றாள்.
இல்லை.
அதுவரை கமிஷனைப் பெருக்கி மட்டுமே பழக்கம்.

இப்போது அவள் மாலத்தீவில்.
தலைநகரிலிருந்து படகில் பாதி நாள் போகிற தீவு.
பள்ளிக்கூடம் ஒன்று, கடை மூன்று, டவர் ஒன்று.
கம்பெனி இரண்டு.
"இவன் ஏத்தினா அவனும் ஏத்துவான்.
அவன் குறைச்சா இவன் யோசிப்பான்."

இங்கே முட்டி மோதினார்கள்.
என் ஷட்டரில் சிவப்பு அடித்தான் ஒருவன்,
அதன் மேல் மஞ்சள், அதன் மேல் நீலம்.
பெயின்ட் உரிகிற இடத்தில்
செத்துப்போன கம்பெனி ஒன்று
பாதிப் பெயரோடு எட்டிப் பார்க்கும்.

அவள் அனுப்புவது நாற்பது விநாடிக் குரல்.
வெள்ளிக்கிழமை, அவளுக்கு விடுமுறை, வீடியோவில் வருவாள்.
மகிழன் விழுந்த பல்லைக் காட்டி முடிப்பதற்குள்
"முகத்தை அணைச்சிட்டுப் பேசுங்க, காசு போகுது."
அணைப்போம்.
இருட்டில் மூன்று பேரும் பேசிக்கொண்டிருப்போம்.

எனக்கோ ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி.
பாதிகூடத் தீராது.
நள்ளிரவு பன்னிரண்டுக்கு மிச்சமெல்லாம் செத்துப்போகும்.
சோறாக இருந்தால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம்.

சோணங்குப்பம் தேவநாதன் விசைப்படகு ஓட்டுகிறவர்.
"பன்னெண்டு பாகம் தாண்டினா ஒரு கம்பியும் இல்ல.
கரையில நான் இருக்கிறது பத்து நாள்.
மிச்சப் பதினெட்டை நீ எடுத்துக்கிட்டுக்
காசைத் திருப்பித் தாப்பா" என்பார்.
சிரித்துக்கொண்டே முழுசாக வாங்கிக்கொள்வேன்.

கார்த்திகையில் துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏறியது.
முதல் ராத்திரி மின்சாரம் போனது.
இரண்டாம் ராத்திரி டவரில் டீசல் தீர்ந்தது.
நான்கு கம்பி, இரண்டு கம்பி,
பிறகு அந்தச் சின்னப் பெருக்கல் குறி.
உப்பனாறு தெருவுக்குள் வந்து நின்றது.
கடை வாசலில் முழங்கால் தண்ணீரில் ஜனங்கள்,
"சிக்னல் வருதா?"
ஏதோ மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன் என்பதுபோல.
"எந்தக் கம்பெனில வருது?"
எந்தக் கம்பெனியிலும் இல்லை.
கடலுக்கு இந்தப் பக்கம் இப்போது நாங்கள்தான் தீவு.

ஆறாம் நாள் யாரோ சொன்னார்கள்,
கெடிலம் பாலத்தில் ஒரு கம்பி வருகிறதென்று.
மகிழனை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மிதித்தேன்.
பாலம் முழுக்கக் கைகள்,
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு போன்.
"ஆத்துல விழாதீங்கய்யா" என்று கத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர்
தன்னுடையதையும் தூக்கிப் பிடித்திருந்தார்.

என் கை ஒருமுறை நடுங்கி அடங்கியது. வந்துவிட்டது.
முதலில் வந்தவன் கம்பெனிக்காரன்:
'உங்கள் திட்டம் இன்றுடன் முடிகிறது.'
தண்ணீரில் நின்ற ஆறு நாளையும்
மாதத்தில் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறான்.

அப்புறம் அவள்.
குரல் இல்லை, நாற்பது விநாடி இல்லை.
வீடியோ. ஒன்று, நான்கு, பதினொன்று.
ஒவ்வொன்றும் நான்கு நிமிஷம், ஐந்து நிமிஷம்.
முகத்தை அணைக்கச் சொன்னவள்
சம்பளத்தை எடுத்து முகமாகவே அனுப்பியிருக்கிறாள்.

திறக்கவில்லை.
மங்கிய நெற்றி மேல் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.
"அம்மா சுத்துறாங்க" என்றான் மகிழன்.

பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டார்:
"தம்பி, பார்த்துட்டீங்கன்னா கொஞ்சம் நகருங்க."

இன்னும் பார்க்கவில்லை என்றேன்.
கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.